தறிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர்: சிறு தொழிலுக்கு எந்த இணைய வசதி வேண்டும், எது வேண்டாம்?

ஸ்டார்ட் அப் என்ற சொல்லைப் பார்த்தவுடன், கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கும்போதே தாமாக ஓடத் தொடங்கும் புரோகிராம்கள்தான் உங்கள் நினைவுக்கு வருகின்றன என்றால் நீங்கள் பழைய வாசகர். இன்று வீட்டுப் பிள்ளைகள் இந்தச் சொல்லைச் சொன்னால், புதிதாகத் தொடங்கும் தொழில் என்று பொருள். இந்தப் பாடத்தில் இரண்டையுமே தொடப் போகிறோம். ஏனென்றால் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கும் பலர் அதை வீட்டில் வைத்து, வீட்டிலேயே ஒரு சிறு தொழிலையும் நடத்துகிறார்கள்.

இதை எழுதத் தூண்டிய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் அத்தான் வீட்டில் ஆறு தறிகள் ஓடுகின்றன. சேலைகளை காந்தி ரோடு கடைகளுக்குக் கொடுத்தது போக, சில ஆண்டுகளாக நேரடியாகவும் விற்று வருகிறார். ஆர்டர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் இமெயிலிலும் வரும். இரண்டையும் பார்த்துக் கொண்டது அவரிடம் வேலை பார்த்த ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குத் திருமணமாகி ஆரணிக்குப் போய்விட்டார். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் வரும் நேரத்தில் அத்தான் புது கம்ப்யூட்டர் வாங்கி, இமெயிலைத் திறக்கப் பார்த்தார். பாஸ்வேர்ட் தெரியவில்லை. "மறந்துவிட்டேன்" என்று கொடுத்தால், ஓ.டி.பி. எண் அந்தப் பெண்ணின் பழைய போனுக்குப் போகிறது. அந்த எண் ரீசார்ஜ் செய்யப்படாமல் கிடக்கிறது. வாட்ஸ்அப்பும் அதே எண்ணில்தான். ஆறு வருட வாடிக்கையாளர்கள், அவர்கள் கொடுத்த அட்வான்ஸ் விபரம், சேலைப் படங்கள் எல்லாம் பூட்டிய அறைக்குள் இருந்தன. அறை அவருடையது, சாவி அவரிடம் இல்லை.

இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அப்படி யோசிக்க வேண்டியவற்றைத்தான் இங்கே பார்க்கிறோம்.

கம்ப்யூட்டரைப் பிரித்து வையுங்கள்

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். காலையில் பில், மாலையில் பையனின் கேம்ஸ், இரவில் சீரியல். இதில் தவறில்லை. ஆனால் எல்லோரும் ஒரே யூசர் அக்கவுண்டில் நுழைவதுதான் தவறு. கேம்ஸ் டவுன்லோட் செய்கிறேன் என்று வரும் ஏதோ ஒரு புரோகிராம், நீங்கள் வைத்திருக்கும் பில்களையும் பாஸ்வேர்டுகளையும் சேர்த்துப் பார்த்துவிடும்.

விண்டோஸ் 11 எனில், செட்டிங்ஸ் திறந்து அக்கவுண்ட்ஸ் பிரிவில் கிளிக் செய்யவும். அதில் அதர் யூசர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து ஆட் அக்கவுண்ட் என்ற பட்டனை அழுத்தவும். மைக்ரோசாப்ட் இமெயில் முகவரி கேட்கப்படும். இந்த நபரின் விபரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் கீழே உள்ள லிங்க்கில் கிளிக் செய்து, அடுத்த விண்டோவில் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய அக்கவுண்ட் ஸ்டாண்டர்ட் யூசர் என்ற வகையில் அமையும். பிள்ளைகளுக்கு அதைக் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்கட்டும்.

புதுக் கம்ப்யூட்டர் தொடங்கவே நேரம் எடுக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் கிடைக்கும். அதில் ஸ்டார்ட் அப் ஆப்ஸ் என்ற பிரிவில், தாமாகத் தொடங்கும் புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். தினமும் தேவைப்படாதவற்றின் மீது ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். புரோகிராம் அழிந்துவிடாது, நீங்கள் அழைக்கும்போது வரும். ஆண்டி வைரஸையும், பைல்களை இணையத்தில் நகல் எடுக்கும் புரோகிராமையும் மட்டும் தொட வேண்டாம். சிலர் இன்னும் ஒரு படி போய், சர்வீசஸ் விண்டோவைத் திறந்து பெயர் புரியாதவற்றை எல்லாம் நிறுத்துவார்கள். என் அனுபவத்தில் இதனால் மிச்சமாகும் நேரத்தைவிட, பிரிண்டர் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடும் நேரம் அதிகம். விட்டுவிடுங்கள்.

பழைய கம்ப்யூட்டரை விலைக்கு வாங்கியிருந்தால் ஒன்றைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14ம் தேதியுடன் முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி.யும் பார்க்கும் கம்ப்யூட்டரில் அதை அப்படியே ஓட்டிக் கொண்டிருப்பது நல்லதல்ல.

தொழிலுக்கென ஒரு இமெயில்

உங்கள் சொந்த இமெயில் வேறு, தொழில் இமெயில் வேறாக இருக்கட்டும். தொழில் பெயரில் புதிய அக்கவுண்ட் தொடங்கும்போது, மீட்பதற்கான போன் எண்ணாக முதலாளியின் எண்ணையே கொடுங்கள். வேலை பார்ப்பவரின் எண்ணை அவசரத்துக்குக்கூட கொடுக்க வேண்டாம். இன்னொரு இமெயில் முகவரியும் கேட்பார்கள். அதில் குடும்பத்தில் ஒருவருடையதைக் கொடுக்கலாம்.

அடுத்து, போன் தொலைந்தாலும் உள்ளே போக வழி வேண்டும். ஜிமெயில் எனில், வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தில் கிளிக் செய்து, கூகுள் அக்கவுண்டை நிர்வகிக்கும் பக்கத்துக்குச் செல்லவும். செக்யூரிட்டி என்று தொடங்கும் பிரிவில் 2-ஸ்டெப் வெரிபிகேஷன் என்பதை இயக்கவும். அதற்குள்ளேயே பேக்கப் கோட்ஸ் என்று ஒரு பிரிவு இருக்கும். எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். இவற்றைப் பிரிண்ட் எடுத்து, பீரோவில் பத்திரம் வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே ஒரு பைலாக வைத்தால் பயனில்லை. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போலாகும்.

இன்னொரு செய்தி. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் அக்கவுண்டுகளை நீக்கும் கொள்கையை கூகுள் 2023 டிசம்பரில் இருந்து நடைமுறைப்படுத்தியுள்ளது. ஒரு முறை தொடங்கி மறந்துவிட்ட அக்கவுண்டில் பழைய சேலைப் படங்கள் இருந்தால், இன்றே உள்ளே சென்று பாருங்கள்.

வேலை பார்ப்பவரும் இமெயிலைப் பார்க்க வேண்டுமே என்று கேட்கலாம். கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக் கொடுங்கள், பார்க்கட்டும். கூகுள் ஷீட்ஸ் போன்ற வசதிகளில் ஷேர் பட்டனை அழுத்தி அவருடைய முகவரியைச் சேர்த்தால், அவர் தன் பாஸ்வேர்டில் நுழைந்து வேலை செய்வார். விலகும்போது அந்தப் பெயரை நீக்கினால் போதும். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால், பிறகு அதைத் திரும்ப வாங்கவே முடியாது.

கணக்குக்கு ஒரே ஒரு ஷீட்

இப்போது பெரிய நிறுவனங்களின் பேச்சு. இணையத்தில் தேடினால், சிறு தொழிலுக்கு என்று நூறு வசதிகள் வரும். இவற்றில் சில நம் பக்கத்தில் பிறந்தவை. 1996ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக் கொண்ட நிறுவனத்தின் தலைமை வளாகம் கூடுவாஞ்சேரி அருகே இருக்கிறது. செங்கல்பட்டு தனி மாவட்டமான 2019 நவம்பர் வரை அந்த இடம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். தென்காசி அருகே மத்தளம்பாறை கிராமத்திலும் இவர்களுக்கு அலுவலகம் உண்டு. சென்னையில் 2010ல் தொடங்கிய பிரெஷ்டெஸ்க், பிரெஷ்வொர்க்ஸ் என்று வளர்ந்து, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்றது. வாடிக்கையாளர் கேள்விகளை ஒழுங்குபடுத்தும் வசதியை உலகம் முழுவதும் விற்கிறார்கள்.

பெருமைதான். ஆனால் ஆறு தறி வைத்திருப்பவருக்கு இவற்றில் எது வேண்டும்? என் கருத்தைக் கேட்டால், பில் போடும் வசதி மட்டும் போதும். ஜோஹோ இன்வாய்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஜி.எஸ்.டி. எண்ணுடன் அழகாக பில் தயாரித்து பி.டி.எப். பைலாக அனுப்பலாம். பட்டுச் சேலைக்கு வரி 5 சதவீதம், எச்.எஸ்.என். எண் 5007 என்று தொடங்கும். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டுமா, வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் என்ன விதி என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். இணையத்தில் ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் உறவு மேலாண்மை, ஊழியர் மேலாண்மை, திட்ட மேலாண்மை என்று மாதச் சந்தாவில் வருபவை எல்லாம் இருபது பேர் ஒரே அறையில் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு. உங்களுக்கு ஒரு ஒர்க் ஷீட் போதும்.

எக்ஸெல் இருந்தால் அதில், இல்லையேல் இலவச லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸில் ஒரு புதிய பைலைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளைத் தாருங்கள்: சேலை எண், தறி எண், பாவு ஏற்றிய தேதி, உடல் நிறம், கரை நிறம், முந்தி, ஜரிகை, கோர்வையா இல்லையா, நெசவுக் கூலி, கொடுத்த அட்வான்ஸ், இறங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கியவர், போன், பாக்கி. ஒரு சேலைக்கு ஒரு வரிசை. கோர்வைச் சேலை தறியில் இருந்து இறங்க வாரக்கணக்கில் ஆகும். கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா, கூட ஓர் ஆள் என்று நடக்கும் வேலை. ஒரு சேலையில் எத்தனை நாள் முதல் முடங்கிக் கிடக்கிறது என்பது இந்த இரண்டு தேதிகளைக் கழித்தாலே தெரிந்துவிடும். நோட்டில் எழுதினால் தெரியாது.

மூன்று இடங்களில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒன்று, போன் எண். நாட்டு எண்ணுடன் 12 இலக்கமாக டைப் செய்தால், எக்ஸெல் அதைப் பெரிய எண் என்று நினைத்து, புள்ளியும் ஆங்கில இ எழுத்தும் கலந்து ஏதோ ஒன்றைக் காட்டும். அந்த நெட்டு வரிசையின் தலைப்பில் கிளிக் செய்து, ஹோம் டேபில் ஜெனரல் என்று இருப்பதை டெக்ஸ்ட் என மாற்றிவிட்டுப் பிறகு எண்களை டைப் செய்யவும். இரண்டு, தேதி. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 5/6 என்று தந்தால் மே 6 என்று எடுத்துக் கொள்ளும். விண்டோஸ் செட்டிங்ஸில் ரீஜியன் இந்தியா என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இன்றைய தேதி வேண்டுமெனில் கன்ட்ரோல் கீயுடன் செமிகோலன் கீயை அழுத்தினால் தானாக வந்துவிடும். மூன்றாவது, கீழே போகப் போகத் தலைப்பு மறைந்துவிடும். எக்ஸெல்லில் வியூ டேபில் பிரீஸ் பேன்ஸ், அதில் பிரீஸ் டாப் ரோ என்று தேர்ந்தெடுத்தால் முதல் வரிசை நிலையாக நிற்கும். கூகுள் ஷீட்ஸில் வியூ மெனுவில் பிரீஸ், 1 ரோ.

பெயர்களைத் தமிழிலேயே டைப் செய்யலாம். ஆனால் டி.டி.பி. சென்டர்களில் பயன்படுத்தும் பழைய எழுத்துருக்களில் அல்ல, யூனிகோடில். பழைய எழுத்துருவில் அடித்தால், இன்னொரு கம்ப்யூட்டரில் அது ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவுக்குச் சென்று தமிழைச் சேர்த்தால், தமிழ்99 கீ போர்டு அதிலேயே உண்டு. விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழி மாற்றிக் கொள்ளலாம்.

படங்கள்

சேலை விற்பவருக்குப் படம்தான் கடை. என் அத்தானிடம் இருந்த படங்களுக்கு எல்லாம் போன் தானாகக் கொடுத்த நீளமான எண்தான் பெயர். எந்தப் படம் எந்தச் சேலை, விற்றுவிட்டதா, தெரியாது. ஒர்க் ஷீட்டில் கொடுத்த சேலை எண்ணையே படத்தின் பெயராகவும் கொடுங்கள். 214 உடல், 214 முந்தி, 214 கரை என்று இருந்தால் போதும். பைலைத் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்தினால் பெயர் மாற்றலாம்.

காலை வெயில் நேரடியாக விழாத திண்ணையில் எடுங்கள். பில்டர் போட வேண்டாம். திரையில் அரக்கு நிறமாகத் தெரிந்தது, பார்சலைப் பிரித்ததும் குங்கும நிறமாக இருந்தால் சேலை திரும்பி வரும். அனுப்பும் செலவும் உங்கள் தலையில். எப்படி எடுத்தாலும் ஒவ்வொரு போனிலும் நிறம் கொஞ்சம் மாறும் என்பதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால் படம் சுருக்கப்பட்டுவிடும். ஜரிகையின் நுணுக்கம் தெரிய வேண்டுமெனில் அட்டாச் குறியில் டாக்குமெண்ட் என்ற பிரிவு வழியாக அனுப்புங்கள்.

சில்க் மார்க் முத்திரை இருந்தால் அதையும் சேலையோடு சேர்த்துப் படம் எடுங்கள். மத்திய பட்டு வாரியம் 2004ல் கொண்டு வந்த முத்திரை அது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06லேயே புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இணையத்தில் காஞ்சிபுரம் என்ற பெயரில் எது எதுவோ விற்கிறது. உண்மையான தறியில் நெய்தவருக்கு இந்த ஒரு படம்தான் துணை. தறியில் பாதி நெய்த நிலையில் இருக்கும்போதே எடுத்த படம் இன்னும் நல்லது. அதை யாரும் நகல் எடுத்துத் தன் சேலை என்று சொல்ல முடியாது. (சொல்கிறார்கள், ஆனால் இன்னொரு கோணத்தில் படம் கேட்டால் மாட்டிக் கொள்வார்கள்.)

எங்கே சேமிப்பது? கூகுள் அக்கவுண்டில் இலவச இடம் 15 ஜி.பி. இமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இது. 2021 ஜூன் 1க்கு முன்னர் போல படங்களை அளவில்லாமல் ஏற்ற முடியாது. ஆண்ட்ராய்ட் போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் இதே கணக்கில் சேர்கிறது. ஒரு படம் 4 எம்.பி. என்றால் சுமார் 3,800 படங்களில் இடம் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் புதிய இமெயிலும் வராது. ஆர்டர் வரவில்லையே என்று காத்திருப்பீர்கள். எனவே மாதம் ஒரு முறை படங்களையும் ஒர்க் ஷீட்டையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். இடி மின்னலில் கம்ப்யூட்டர் போனாலும் அது பிழைக்கும்.

இலவசம் எவ்வளவு நாள்?

கூகுளின் பிசினஸ் புரொபைல் மூலம் பல சிறு கடைக்காரர்கள் இலவசமாக வெப்சைட் வைத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் அந்த வசதி நிறுத்தப்பட்டது. விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரி ஒன்றும் இல்லாமல் போனது. அதற்கு முன் 2020 ஜூன் 29ம் தேதி டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதில் மட்டும் வீடியோ போட்டு விற்றுக் கொண்டிருந்தவர்கள் ஒரே இரவில் பார்வையாளர்களை எல்லாம் இழந்தார்கள். 2014ல் ஆர்குட் மூடப்பட்டது நம்மில் சிலருக்காவது நினைவிருக்கும்.

இதற்காக இலவச வசதிகளைத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். எந்த வசதியையும் தொடங்கும் முன் எக்ஸ்போர்ட் அல்லது டவுன்லோட் என்ற பட்டன் அதில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் விபரங்களை ஒரு பைலாக வெளியே எடுக்க முடிந்தால் தைரியமாகப் பயன்படுத்தலாம். கூகுளில் இதற்கு டேக் அவுட் என்று பெயர். அந்தப் பட்டன் இல்லாத வசதி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

சொந்த வெப்சைட் வைக்க ஆசைப்படுபவர்கள், டாட் இன் என்று முடியும் பெயரைத் தாங்களே, தங்கள் இமெயிலில், தங்கள் பெயரில் வாங்க வேண்டும். வெப்சைட் அமைத்துத் தரும் ஒருவர் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு எல்லாவற்றையும் தானே செய்து கொடுத்தார், பெயரையும் தன் பெயரிலேயே பதிந்து கொண்டார். இரண்டாம் ஆண்டு அவர் கேட்ட தொகையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. முதல் ஆண்டு விலை குறைவாகவும், புதுப்பிக்கும்போது அதிகமாகவும் இருப்பது பரவலான வழக்கம். இரண்டாம் ஆண்டு விலை என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

பதிவுக்குப் பணம் கேட்டால்

மத்திய அரசு 2016 ஜனவரி 16ல் தொடங்கிய ஸ்டார்ட் அப் இந்தியா திட்டத்தில் சேரலாமா என்று பல இளைஞர்கள் கேட்கிறார்கள். ஒருவர் தன் பெயரில் நடத்தும் தனியுரிமைத் தொழிலுக்கு அதில் அங்கீகாரம் இல்லை. பதிவு பெற்ற கூட்டு நிறுவனம், எல்.எல்.பி., பிரைவேட் லிமிடெட் போன்று அமைந்தால் பார்க்கலாம். அதுவும் புதுமையான தொழில் என்று காட்ட வேண்டும்.

வீட்டுத் தொழிலுக்குப் பொருத்தமானது உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும். எந்தச் சான்றையும் ஸ்கேன் செய்து ஏற்றத் தேவையில்லை. கட்டணம் எதுவும் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கூகுளில் உத்யம் என்று தேடினால், மேலே ஸ்பான்சர்டு என்ற குறிப்புடன் சில தளங்கள் வரும். பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும். எல்லா விபரங்களையும் வாங்கிக் கொண்டு கடைசியில் பணம் கேட்கும். முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். டாட் ஓ.ஆர்.ஜி., டாட் காம் என்று முடிந்தால் மூடிவிடுங்கள்.

பணம் வாங்கும்போது

பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் ஒருபோதும் தேவையில்லை. யாராவது, "அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்றால் அவர் எடுக்கப் பார்க்கிறார். அதேபோல் பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன் ஷாட்டை நம்பி சேலையை பார்சல் செய்யாதீர்கள். உங்கள் வங்கி ஆப்பில் பணம் வந்ததைப் பார்த்த பிறகே பார்சல். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் கொண்டு நாளை வரை காத்திருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

போன் எண்ணும் வேலை நேரமும்

அத்தான் கதைக்கு வருகிறேன். ஆரணிக்குப் போன பெண்ணை நேரில் பார்க்க நானும் அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். "எண்ணை வச்சுக்கிட்டே கொடுக்காம இருக்கு" என்று அத்தான் வழியெல்லாம் புலம்பினார். போனால் அந்தப் பெண் வேறு கதை சொன்னார். "அண்ணா, ராத்திரி பன்னெண்டு மணிக்கு அமெரிக்காவிலேர்ந்து மெசேஜ் வரும். பதில் போடலேன்னா ஆர்டர் போயிடும்னு நீங்கதான் சொல்வீங்க. கல்யாணம் ஆகியும் அந்த நம்பர்ல மெசேஜ் வந்துக்கிட்டே இருந்துது. இவங்க வீட்ல யாரு யாருன்னு கேட்டாங்க. அதான் சிம்மைக் கழட்டி வச்சுட்டேன்."

அத்தான் பேசவில்லை. இதற்கு என்ன பதில் சொல்வது? தன் சொந்த எண்ணைக் கடைக்குக் கொடுத்த ஒரு பெண், வேலையை விட்ட பிறகும் கடையாகவே இருந்திருக்கிறார். சம்பளம் காலை பத்து முதல் மாலை ஆறு வரைக்குத்தான்.

இதைத் தவிர்க்கக் கடைக்கென ஒரு சிம் வாங்குங்கள். முதலாளியின் பெயரில் இருக்கட்டும். அதில் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பை நிறுவுங்கள். இது 2018 ஜனவரியில் வந்த இலவச ஆப். மேலே உள்ள மூன்று புள்ளிகளில் தட்டி பிசினஸ் டூல்ஸ் சென்றால் அவே மெசேஜ் என்ற வசதி கிடைக்கும். அதில் வேலை நேரத்துக்கு வெளியே மட்டும் அனுப்பு என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைக் குறித்துவிடலாம். "வணக்கம். எங்கள் நேரம் காலை 10 முதல் மாலை 6 வரை. நாளை காலை பதில் தருகிறோம். தேவைப்படும் சேலை எண்ணைக் குறிப்பிடவும்" என்று எழுதினால் போதும். அமெரிக்காவில் இருப்பவருக்கு நம் ஊரில் இரவு என்பது தெரியும். உடனே பதில் வராததால் வாங்காமல் போனவரைவிட, நாளை என்று சொல்லி நாளைக்கே பதில் சொன்னதால் வாங்கியவர்தான் அதிகம் என்று இப்போது அத்தானே சொல்கிறார். கருட சேவைக்கும் பொங்கலுக்கும் அதே இடத்தில் விடுமுறை நாளையும் எழுதிவிடுகிறார்.

கம்ப்யூட்டரிலும் இதைப் பார்க்கலாம். வாட்ஸ்அப் வெப் தளத்தைத் திறந்து, போனில் லிங்க்டு டிவைசஸ் பிரிவுக்குச் சென்று, திரையில் தெரியும் கோடை ஸ்கேன் செய்தால் போதும். நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். வேலை பார்ப்பவர் கடைக் கம்ப்யூட்டரில் பதில் சொல்வார். மாலையில் எழுந்து வீட்டுக்குப் போவார். கடை அவருடன் வராது. ஒருவர் விலகும்போது இதே பிரிவைத் திறந்து, அவர் வைத்திருந்த சாதனம் ஏதும் இணைந்திருந்தால் லாக் அவுட் கொடுங்கள்.

அன்று நாங்கள் செய்தது இதுதான். பீரோவில் இருந்து பழைய சிம்மை அந்தப் பெண் எடுத்துக் கொடுத்தார். நல்லவேளை, எண் ரத்தாகவில்லை. ரத்தான எண்ணை நிறுவனம் சில மாதங்களில் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். அப்படி நடந்திருந்தால் நம் ஓ.டி.பி. யாரோ ஒருவர் கைக்குப் போயிருக்கும். ரீசார்ஜ் செய்து, அவருடைய போனிலேயே போட்டு, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பிரிவில் சேஞ்ச் நம்பர் கொடுத்து, கடையின் புது எண்ணுக்கு மாற்றினோம். குழுக்களும் விபரங்களும் அப்படியே நின்றன. இமெயிலுக்கு ஓ.டி.பி. வந்தது, உள்ளே சென்று மீட்பு எண்ணை அத்தானுடையதாக மாற்றி, பத்து பேக்கப் கோடுகளையும் எடுத்துக் கொண்டோம். பத்து நிமிட வேலை. காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. படங்களில் பாதிதான் கிடைத்தன. மீதி, போனில் இடம் இல்லை என்று எப்போதோ அழித்தவை.

கிளம்பும்போது அத்தான் பையில் இருந்து ஒரு சேலையை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். கல்யாணத்துக்கே கொடுத்திருக்க வேண்டியது. ஒர்க் ஷீட்டில் அது 1ம் எண். விற்ற தேதி, பாக்கி இரண்டும் காலியாகவே இருக்கின்றன.